கூரையில்லாத ஹெரால்டு எங்கே போயிருக்கும்?

உங்கள் கேள்வி இது: 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை அப்பா 1979-ல் பழைய வண்டியாக வாங்கினார். பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் விட்டுக் கூரையைக் கழற்றி, கித்தான் டாப் போட்டு, மயில்கழுத்து நீலத்தில் பெயிண்ட் அடித்து, பன்னிரண்டு வருஷம் ஓட்டினார். 1991-ல் அம்பாசமுத்திரம் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார். இப்போது 84 வயதில் திடீரென்று, "அந்த வண்டி என்ன ஆச்சோ" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார். பழைய நம்பர் மட்டும் அவருக்கு மனப்பாடம். காகிதம் எதுவும் இல்லை. தேடிப் பிடிக்க வழி உண்டா?

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் வண்டிக் காகித வேலை பார்த்தவன். அதற்கு முன்னால் எங்க மாமா பட்டறையில் ஆறு வருஷம் டிங்கரிங் கையாள், அதாவது வண்டித் தகரத்தைத் தட்டிச் சீர்செய்கிற வேலை. அதனால் ஆபீஸ் வழி, பட்டறை வழி இரண்டுமே கொஞ்சம் தெரியும். வழியைச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் தேடப்போவது நம்பரையா, சேசிஸையா (வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம்), இல்லை அப்பா செய்வித்த அந்த வண்டியையா? ஷோரூமில் வாங்கினபடியே ஓடுகிற காருக்கு இது மூன்றும் ஒன்றுதான். கைவேலை செய்த வண்டிக்கு அப்படி இல்லை. முப்பது வருஷத்தில் மூன்றும் மூன்று ஊருக்குப் போயிருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

1987-ல் ஒரு மஹிந்திரா ஜீப் வாங்கினேன். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு மேட்டடார் டீசல் இன்ஜினை இறக்கி, பின்பக்கத் தொட்டியை ஒரு சாண் நீட்டி, பக்கவாட்டில் பெஞ்சு போட்டு வைத்திருந்தேன். குற்றால சீசனில் சொந்தக்காரர்களை அள்ளிக்கொண்டு போக அதைவிட வசதி கிடையாது. 1996-ல் பணமுடை. தென்காசிப் பக்கத்துப் புரோக்கர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, நீங்க கையெழுத்த மட்டும் போட்டுத் தாங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஊருக்கெல்லாம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம் நிரப்பிக் கொடுக்கிற நான், என் சொந்த வண்டிக்கு வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 2004-ல் கேரள எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கோர்ட் நோட்டீஸ் வந்தது. வண்டி ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது, உரிமையாளர் நான்! அரண்டுபோய் ஓடினேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது என் நம்பர்தான். வண்டி என்னுடையது இல்லை. தொட்டி நீட்டாத, பெஞ்சு இல்லாத வேறு ஏதோ ஒரு ஜீப். காகிதம் செத்துப்போன வண்டிக்கு என் ஆர்.சி. புக்கை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். சட்டப்படி பெரிய குற்றம், ஆனால் அந்தக் காலத்தில் புக்கை மட்டும் தனியாக விற்பதும் வாங்குவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. என் ஜீப்பின் உடம்பை அதற்கும் நாலு வருஷம் கழித்துக் கடையம் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் பார்த்தேன். நீட்டின ஒரு சாணில் எங்க மாமா போட்ட வெல்டிங் வரி அப்படியே இருந்தது. அதில் மாட்டியிருந்தது வேறு யாரோ ஒருவர் நம்பர்.

ஆகவே அப்பாவின் நம்பரை வைத்துத் தேடி ஒரு வண்டி கிடைத்தாலும், அதுதான் இது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நம்பர் கிடைக்கவில்லை என்பதால் வண்டி இல்லை என்றும் நினைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்பா கை வைத்தது ஹெரால்டில். அம்பாசிடரிலோ பியட்டிலோ கூரையை அறுத்திருந்தால் இன்றைக்குத் தேடவே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த இரண்டிலும் உடம்பும் சேசிஸும் ஒரே கூடு. கூரை போனால் கூட்டின் பலமே போய்விடும், நாலு மழையில் நடு வயிறு தொங்கும். ஹெரால்டு வேறு ஜாதி. இங்கிலாந்தில் டிரயம்ப் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த கார். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. முழு உடம்பையும் ஒன்றாக அடித்துக் கொடுக்க அவர்களுக்கு ஆலை அமையவில்லை. அதனால் தனி சேசிஸ் செய்து, உடம்பைத் துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் செய்வித்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இங்கே செய்தது அதே வண்டியைத்தான், 948 சிசி இன்ஜினோடு. கூரையும் ஒரு தனித் துண்டு. அறுக்கவே வேண்டாம், போல்ட்டைக் கழற்றினால் நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். மூக்கு, மட்கார்டு, பானெட் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து முதலை வாயைப் பிளக்கிற மாதிரி முன்பக்கமாகச் சாயும். அந்தக் காலத்துப் பையன்கள் ரோட்டில் நின்று பார்த்தது இதைத்தான்.

இதே குணம்தான் ஹெரால்டுக்கு எமனும். போல்ட்டில் நிற்கிற வண்டி போல்ட்டோடேயே பிரிந்தும் போகும். பானெட் ஒருவருக்கு, பின்தொட்டி ஒருவருக்கு, கதவு இன்னொருவருக்கு என்று சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

சரி, ஆரம்பிக்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லை. அப்பாவின் சாய்வு நாற்காலி. ஆனால் "யாருக்கு வித்தீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தப் பெயர் மறந்துதான் போயிருக்கும். நாமும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் அவருக்குச் சடைவு வந்துவிடும். சாவியை எந்த இடத்தில் வைத்துக் கொடுத்தார் என்று கேளுங்கள். வீட்டு வாசலிலா, பட்டறையிலா, பெட்ரோல் பங்கிலா? யார் கூட வந்தார்கள்? பணம் எப்படி வந்தது, ஒரே கட்டாகவா, ரெண்டு தவணையாகவா? கூரையைக் கழற்றின மேஸ்திரி பேர் என்ன, பட்டறை சமாதானபுரம் பக்கமா, மார்க்கெட் பக்கமா? டாப் தைத்த குஷன் கடைக்காரர் யார்? வண்டிக்காரரை மறந்தாலும் டிங்கரை யாரும் மறப்பதில்லை. மாசக்கணக்கில் அங்கேயே காலையும் மாலையும் நின்றிருப்பாரே! பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பழைய டிங்கர்களின் பிள்ளைகள் பலர் இன்னும் அதே தொழிலில் இருக்கிறார்கள். "ஏல, அந்த மூடியில்லாத வண்டியா? எங்கப்பா செஞ்சதுதான்" என்று ஒருவன் சொன்னால் போதும், பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அவர் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இதில் முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கூரை போன பிறகு ஹெரால்டில் ஒரு தொந்தரவு வரும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் சந்து கூடும், குறையும். கதவு தானாகத் திறந்துகொள்ளக்கூடப் பார்க்கும். அதற்காக நல்ல டிங்கர் என்றால் கதவுக்குக் கீழே, படிக்கட்டு ஓரத்தில், ஆங்கிளோ பைப்போ வைத்துப் பற்றவைத்திருப்பார். எங்க மாமா அந்த மாதிரி இடத்தில் பித்தளைதான் ஓட்டுவார். கேஸ் விளக்கில் தகரம் செவக்கக் காய்ந்ததும் பித்தளைக் கம்பியைக் காட்டினால் அது தேன் மாதிரி ஓடிச் சந்தில் இறங்கும். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும், நகத்தால் ஒரு இடத்தில் சுரண்டினால் மஞ்சளாக ஒரு வரி தெரியும். இப்போதைய வெல்டிங்கில் அது வராது. அப்பாவின் வண்டியில் அந்த ஆங்கிள் ரெண்டு பக்கமும் இருந்ததா, ஓட்டுகிற பக்கம் மட்டுமா? கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் கூரை போல்ட் இருந்த துளைகளை எதை வைத்து அடைத்தார்கள், ஈயமா, தகரமா? டாப் மாட்டுகிற கொக்கி எத்தனை? பின்சீட்டு இருந்ததா, எடுத்துவிட்டார்களா? எந்த ஆர்.சி. புக்கிலும் இதெல்லாம் எழுதியிருக்காது. வண்டியை அடையாளம் காட்டப்போவது இதுதான்.

1966 மாடல் என்கிறீர்கள், அப்படியென்றால் ரெண்டு கதவு. நாலு கதவு ஹெரால்டு அதற்குப் பிறகுதான் வந்தது. யாராவது நாலு கதவு வண்டியைக் காட்டி இதுதான் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது வீட்டுப் பரண். ஆர்.சி. புக் வண்டியோடு போயிருக்கும், சரி. இன்ஷூரன்ஸ் காகிதம் போயிருக்காது. பழைய பாலிசித் தாள் ஒன்று கிடைத்தாலும் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதில் இருக்கும். வரி கட்டின ரசீது, பட்டறை பில், வங்கியில் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கடிதம், எல்லாவற்றையும் பாருங்கள். நிலப் பத்திரம் இருக்கிற பெட்டி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, பழைய டைரியின் நடுப்பக்கம், இங்கேயெல்லாம்தான் வண்டிக் காகிதம் ஒளிந்திருக்கும். போட்டோ இருந்தால் நம்பர் பிளேட்டை மட்டும் பார்க்காதீர்கள். டேஷ்போர்டு, கொக்கி, கதவு விளிம்பு, எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி நம்பர். உங்கள் வண்டிக்கு எம்-மில் ஆரம்பிக்கிற பழைய மதராஸ் நம்பர் இருந்திருக்கும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பிறகுதான் டி.என். என்று மாநில எழுத்தும் ஊர் எண்ணும் சேர்ந்த நம்பர்கள். நமக்கு 72, தூத்துக்குடிக்கு 69, தென்காசிக்கு 76, நாகர்கோவிலுக்கு 74. பழைய வண்டிகளுக்குப் பழைய நம்பரே தொடரும், மாநிலத்துக்குள் எத்தனை கை மாறினாலும் மாறாது. அதனால் மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்தப் பழைய நம்பரை அப்படியே போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் பாதியை நட்சத்திரக் குறி மறைத்திருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதை. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு அஞ்சு அஞ்சு வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். செல்லும் தேதி 2027 என்று காட்டினால், 2022 வாக்கில் யாரோ ஒருவர் அந்த வண்டியை ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அதாவது நாலு சக்கரத்தில் நிற்கிற நிலையில் ஒரு வண்டி இருக்கிறது. 2006 என்று காட்டினால் அதோடு மூச்சு நின்றிருக்கும், அல்லது எங்காவது மாட்டுத் தொழுவில் நிற்கும்.

ஒன்றுமே காட்டவில்லையா? மனசு விட்டுவிடாதீர்கள். பழைய பதிவேடு கையால் எழுதினது. வண்டிக்காரர் ஏதாவது வேலைக்கு வந்து நின்றபோதுதான் பல பழைய நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வராதவர்களின் வண்டி ரெஜிஸ்டரிலேயே தூங்குகிறது. அந்த ரெஜிஸ்டர் எங்கே என்பதில்தான் நம்ம ஊர்ச் சிக்கல். அப்பா வாங்கின காலத்தில் திருச்செந்தூரும் கோவில்பட்டியும் சேர்ந்தே திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. வாங்கினவர் எந்தத் தாலுகாவில் பெயர் மாற்றினாரோ அதைப் பொறுத்து ஏடு வேறு அலுவலகத்தில் இருக்கும். அதனால் ஒரே இடத்தில் "இல்லை" என்றால் அதோடு திரும்பாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு இப்போதைய உரிமையாளரின் பெயரும் விலாசமும் வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தனிநபர் விவரம், பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் அப்பா முன்னாள் உரிமையாளர் என்கிற முறையில், தன் பெயரிலிருந்து வண்டி எப்போது மாறியது, மாறியதா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொடுக்கலாம். இதை நீங்கள் வண்டி ஆசைக்காக இல்லாவிட்டாலும் செய்யத்தான் வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. நிறையப் பேர் செய்வதில்லை. விற்று, சாவியும் கொடுத்த பிறகும், ஏட்டில் பெயர் மாறாதவரை விபத்து வழக்கில் பதிவு உரிமையாளர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் கோர்ட் நோட்டீஸ் கதை அதற்கு 14 வருஷம் முந்தியது. அதிலிருந்து கழன்று வருவதற்குள் ஜீப்பை விற்ற பணத்தைப் போல ஒன்றரை மடங்கு போய்விட்டது.

வண்டி கேரளத்துக்குப் போயிருந்தால் நம்பரால் பயன் இல்லை. புளியரை தாண்டினால் அரை மணியில் ஆரியங்காவு, அப்புறம் புனலூர், கொல்லம். அங்கே பழைய கார் மேல் பிரியம் அதிகம். 12 மாசத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கத்து நம்பர் வாங்க வேண்டும் என்பதால், முறைப்படி போயிருந்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கே.எல். நம்பர் ஆகியிருக்கும். ஆனால் சேசிஸ் நம்பர் மாறாது. பரணில் அந்த இன்ஷூரன்ஸ் தாளைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். சேசிஸ் நம்பர் மேல் பென்சிலைத் தேய்த்து, டேப்பை ஒட்டி உரித்து, படிவத்தில் ஒட்டுவோமே, அந்த பிரிண்ட் முன்னால் எந்தப் பெயிண்டும் பொய் சொல்ல முடியாது. தகட்டை மாற்றியிருந்தால் அது வேறு கதை. அதற்குத்தான் பித்தளை வரி.

ஒரு திறந்த காரை 1991-ல் அம்பாசமுத்திரம் பக்கம் ஒருவர் எதற்கு வாங்கியிருப்பார்? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நம்ம வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தினசரி ஓட்டுவதற்கு யாரும் மூடியில்லாத வண்டி வாங்க மாட்டார்கள். உங்க அப்பா மாதிரி ரசனைக்காரர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மற்றபடி அந்த வட்டாரத்தில் திறந்த காருக்கு நிச்சயமான வருமானம் ஒன்றுதான்: கல்யாணம். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் அக்ரகாரங்களில் ஜானவாசம் என்றால் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, நாதஸ்வரம் முன்னே போக, கேஸ் லைட் வெளிச்சத்தில் தெரு சுற்றி வருவார்கள். மற்ற சமூகங்களில் மாப்பிள்ளை அழைப்பு. முகூர்த்த மாசத்தில் ஒரே வண்டி ஒரே நாளில் ரெண்டு ஊர் பார்க்கும். போதாததற்குத் தேர்தல் வந்தால் வேட்பாளர் நின்றுகொண்டு கும்பிடவும் அதே வண்டிதான். உங்கள் வண்டிக்கு 1991-க்குப் பிறகு பூமாலைதான் நிறம் என்பது என் கணிப்பு. இது சரியாக இருந்தால் தேட வேண்டிய இடம் புரோக்கர்கள் இல்லை. பந்தல்காரர்கள், பழைய நாதஸ்வரக் குழுக்காரர்கள், அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள். 1990-களில் கல்யாண ஆல்பத்தின் முதல் நாலு பக்கத்துக்குள் ஜானவாசக் கார் கட்டாயம் இருக்கும். உங்கள் உறவில், நண்பர் வட்டத்தில், அந்தப் பகுதியில் 1991-லிருந்து 2000 வரை கல்யாணம் ஆனவர்களின் ஆல்பத்தைப் புரட்டுங்கள். செலவில்லாத வேலை, நாலு வீட்டில் காபியும் கிடைக்கும்.

கெட்ட செய்தியையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டர்டு கம்பெனி 1980-களின் கடைசியோடு கார் செய்வதை நிறுத்திவிட்டது. உதிரிப் பாகத்துக்கு அப்புறம் பழைய வண்டியைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஒரு ஹெரால்டு ஓட இன்னொரு ஹெரால்டு சாக வேண்டும். போதாததற்கு, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீண்டு உடம்பைத் தாங்குகிற இரும்புகள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கூரையில்லாத வண்டியில் மழைத் தண்ணீர் நேரே தரையில் இறங்குமா, அது இன்னும் சீக்கிரம். காயலான் கடைக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. (காயலான் கடை என்ற பெயரே நம்ம காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள். பழைய திருநெல்வேலி மாவட்டம் தமிழுக்குக் கொடுத்த கொடைகளில் இதையும் சேர்க்கலாம்.) அப்படி உடைத்திருந்தாலும், பானெட்டும் கண்ணாடிச் சட்டமும் சென்னை புதுப்பேட்டை வரைக்கும் போய் வேறு ஒரு ஹெரால்டில் உட்கார்ந்திருக்கலாம். முறைப்படி உடைத்தவர் பதிவையும் ரத்து செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் அதை யார் செய்தார்கள்?

கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே விலை பேசாதீர்கள். "எங்க அப்பா வண்டி" என்று நீங்கள் வாயைத் திறந்த நிமிஷம் விலை மூன்று மடங்காகும். அதைவிடப் பெரிய தடை காகிதம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வண்டி விதியைக் காட்டி, 50 வருஷம் தாண்டினால் தனிப் பதிவு வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், வி.ஏ. என்று தனி எழுத்தோடு நம்பர். எல்லாம் சரிதான். ஆனால் சேசிஸ், உடம்பு, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத்தான் அது. கூரையை எடுத்த வண்டிக்கு அந்தக் கதவு திறக்காது. சாதாரண வழியில் புதுப்பிக்கலாம் என்றால், 2022 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் தாண்டின காருக்குக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. அதன் பிறகும் கட்டணம் கூடியிருக்கிறது. பதிவு தவறிப்போயிருந்தால் மாசத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் வேறு. கம்பெனி கொடுத்த உருவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, திறந்த ஹெரால்டைப் பார்த்ததுமே ஆய்வாளர் புருவத்தைத் தூக்குவார். பழைய ஆர்.சி.யில் உடம்பு வகை மாற்றத்தை அப்போதே எழுதி வாங்கியிருந்தாரா என்பது இங்கேதான் உயிர்நாடி. அப்பாவிடம் இதையும் கேளுங்கள். பெரும்பாலும் "அதெல்லாம் எவன் பண்ணான்" என்றுதான் பதில் வரும்.

அதனால் என் யோசனை: வாங்குவதை மறந்துவிடுங்கள். அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஒரு தடவை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வையுங்கள், படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். உரிமையாளரிடம் முதல் வார்த்தையிலேயே "வாங்க வரல, பாக்கத்தான் வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டால் கதவு தானாகத் திறக்கும். பழைய வண்டி வைத்திருப்பவருக்கும் அதன் முற்காலக் கதையைக் கேட்க ஆசை இருக்கும். உங்களிடம் போட்டோ இருந்தால் ஒரு பிரதி கொண்டுபோங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. 1998-லோ 99-லோ வீரவநல்லூரில் என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு திறந்த ஹெரால்டு வந்து நின்றது. ரெண்டு கதவு. நிறம் சிவப்பு, அதுவும் தூரிகையால் அடித்த மாதிரி திட்டுத் திட்டாக. டிரைவர் பானெட்டைச் சாய்த்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் டிங்கரிங் புத்தியில் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். சந்து ஒரே சீராக இருந்தது. யாரோ கைகாரன் செய்த வேலை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். கதவின் உள்விளிம்பில் சிவப்புக்கு அடியில் என்ன நிறம் இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அந்தக் கல்யாண வீட்டுக்காரர் இப்போது முக்கூடலில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த வாரம் போன் போட்டு ஆல்பத்தை எடுத்து வைக்கச் சொல்கிறேன். நீங்கள் அதற்குள் அப்பாவிடம், ஆங்கிள் வைத்தது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.